கணக்குத் துடைத்த பழி

தமிழ் பயிலும் யாம் கணக்கைக் குறித்து எழுதப் புகுதல் நண்பர் சிலர்க்கு நகை விளைப்பினும் விளைக்கும். ஆயினும், சொல்லால் விளைந்த பழியொன்றைக் கணக்குத் துடைக்கக் கண்டோமாதலின் எழுதத் துணிந்தோம்.

புற்றுநோய் ஒரு நாளில் முளைப்பதன்று. உயிரணு ஒன்றில் ஒரு மாறுதல் நேர, அதன் வழிவந்த அணுக்களில் வேறொன்று நேர, இவ்வாறு பல திரண்ட பின்னரே நோய் தலைகாட்டும். 1954-ஆம் ஆண்டில் ஆர்மிட்டேஜ், டால் என்னும் பிரித்தானிய அறிஞர் இருவர் இறப்புக் கணக்கேடுகளை ஆராய்ந்தனர். புற்றுகள் பலவற்றால் இறப்போர் வீதம், வயதின் ஆறாம் அடுக்கை ஒட்டி உயரக் கண்டனர். வயது இரட்டித்தால் வீதம் ஏறக்குறைய 64 மடங்காம். இறுதி மாறுதல் அவ்வாண்டில் நிகழ்தல் வேண்டும். முன்னையவை அதற்குமுன் எப்பொழுதேனும் நிகழ்ந்திருக்கலாம். அவை ஒவ்வொன்றின் வாய்ப்பும் வயதோடு வளரும். ஆதலின் முன்னையவை ஆறு, இறுதியது ஒன்று, ஆக ஏழு என்று அவர்கள் கணித்தனர்.

அங்ஙனமாயின், மழலை மாறாத குழவிக்குப் புற்று வருவதேன்? எம் சிற்றன்னையின் மகனுக்கு ஈராண்டு நிரம்புமுன் விழித்திரையில் அந்நோய் கண்டது. உயிர் காக்க ஒரு கண்ணை எடுத்தனர். "தாய் செய்த பாவம்" என்றனர் அயலார். கோயிலில் முன்வரிசையில் அமர்ந்துவந்த சிற்றன்னை, அதன்பின் வாயிற்படியோரம் அமரலானார்.

1971-இல் ஆல்பிரட் நட்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் இந்நோயுற்ற 48 பேரின் குறிப்புகளை ஆராய்ந்தார். இரு கண்ணிலும் நோயுடையோரை அது முந்திப் பற்றியது. ஒரு கண்ணில் உடையோரைப் பிந்திப் பற்றியது. நோய் வெளிப்பட்ட வயதுகளை வரைபடத்திலிட்டு, இந்நோய்க்கு இரண்டு மாறுதல்கள் போதும் என்று அவர் துணிந்தார். முன்னவர் முதல் மாறுதலோடு கருவிலேயே அமைந்தவர். பின்னவருட் பெரும்பாலோர்க்கு இரண்டும் பின்னர்த் தற்செயலாய் நேர்ந்தவை. 1986-இல் அதற்குரிய மரபணு பிரித்தெடுக்கப்பட, அவர் கணிப்பு உறுதிபெற்றது. மரபிலே வந்ததாயினும், பெற்றோர் அறியாது கொடுத்ததனைக் குற்றமென்பது யாங்ஙனம்?

விடுமுறையில் இதனைச் சிற்றன்னைக்கு எளிய தமிழில் எடுத்துரைத்தோம். நெடுநேரம் வாளாவிருந்தவர், "இதை ஒரு தாளில் எழுதிக் கொடு, உன் சித்தப்பாவுக்கும் படித்துக் காட்டவேண்டும்" என்றார்.

கணக்குப் பயிலும் நண்பர்காள்! நீவிர் அறிந்தவை நம் தாய்மாரை எட்டுதல் வேண்டும். அவர் உணரும் மொழியில் அவற்றைக் கொண்டுசேர்த்தல் தமிழ் பயில்வார் கடன்.