முப்பத்தாறு பற்கள்

ஸ்லொட் கார் என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் பந்தயக் கார். பாதையில் ஒரு பிளவு இருக்கும். காரின் அடியிலுள்ள முனை அதற்குள் ஓட, இருபக்க உலோகப் பட்டிகளிலிருந்து மோட்டருக்கு மின் கிடைக்கும். ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற பெயரில் 1957 இல் இங்கிலாந்தில் வந்தபின்தான் இவ்விளையாட்டு பரவியது.

எங்கள் வீட்டில் இருப்பது, மௌத்தான சாச்சா லண்டனிலிருந்து கொண்டுவந்த கார். இப்போது மோட்டர் இரையும். கார் ஒரு சாண் போகாது. பின் அச்சிலுள்ள பெரிய பற்சில்லில் அடுத்தடுத்து மூன்று பற்கள் இல்லை.

"என்ன பற்சில்லு என்று சொல்லுங்க, வாங்கி வாறன்" என்றார் லண்டன் மாமா. வாப்பா படமெடுத்து அனுப்பினார். படத்தைப் பார்த்துச் செருப்புக்கூட வாங்க ஏலாது!

நான் ஒரு பல்லில் பேனையால் புள்ளி வைத்து, உடைந்த இடங்களையும் சேர்த்து எண்ணினேன்: 36. மோட்டரிலுள்ள சின்னதில் 11. அதாவது மோட்டர் ஏறக்குறைய 3.27 தரம் சுற்றினால் சில்லு ஒரு தரம் சுற்றும்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. பல்லின் பருமனும் பொருந்த வேண்டும். அதை மில்லிமீற்றர் முறையில் மொடியூல் என்பார்கள்; அங்குல முறையில் பிட்ச். பற்களின் எண்ணிக்கையோடு 2 ஐக் கூட்டி, அதனால் வெளிவிட்டத்தை வகுத்தால் மொடியூல் வரும். சில்லின் இருபுறமும் பல் ஒவ்வொரு மொடியூல் அளவு வெளியே நீட்டி நிற்பதால்தான் அந்த 2.

ஆய்வுகூடத்தில் டீச்சரிடம் கேட்டு, வேணியர் இடுக்கிமானியில் உடையாத பற்களுக்குக் குறுக்கே அளந்தேன். 36 இரட்டை எண். பல்லுக்கு நேரெதிரே பல்லே இருக்கும். பதினொரு பல்லில் எதிரே பள்ளம் வருவதால் அளவு குறைத்துக் காட்டும். மூன்று தரமும் 19.0 மில்லிமீற்றர். 38 ஆல் வகுக்க 0.5. இதுவே 48 பிட்ச் என்றால் 20.1 வந்திருக்கும். இரண்டுக்கும் பல்லுக்குப் பல் இடைவெளி வித்தியாசம் 0.1 மில்லிமீற்றர்கூட இல்லை, ஒரு தலைமயிர்த் தடிப்பு. ஆனாலும் இரண்டையும் கோத்து ஓட்டினால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

கடைசியாக அச்சு. நுண்மானியில் 2.38 வந்தது, அதாவது அங்குலத்தின் 32 இல் 3 பங்கு.

"36 பல், மொடியூல் 0.5, துளை 2.38" என்று மாமாவுக்கு அனுப்பினேன். பெருநாளைக்கு வரும்போது கொண்டுவருவாராம். வாப்பா இப்போதே அலுமாரிக்கு மேலிருந்த பாதைத் துண்டுகளை இறக்கி, ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.