மத்தியான டப்பா

பள்ளிக்கூடம் போகிற குழந்தைக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது சாமானியமான காரியம் என்று யாராவது சொன்னால், அவர் ஒரு நாளும் அதைச் செய்து பார்த்தவர் அல்ல என்று தீர்மானித்துவிடலாம். கல்யாணச் சமையல்காரருக்குக் கூட ஒரு சௌகரியம் உண்டு. முதல் பந்தியில் எது இலையோடு போயிற்று என்று எட்டிப் பார்த்து, இரண்டாம் பந்திக்கு உப்பையோ புளியையோ சரிக்கட்டிவிடலாம். தாயாருக்கு அந்த வழி இல்லை. அவள் காலை ஏழு மணிக்கு மூடுகிற டப்பாவைக் குழந்தை பன்னிரண்டரை மணிக்குத் திறக்கிறது. நடுவில் உள்ளே நடப்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

ஆண்டவனுக்கு அடுத்தபடியாக என் மருமகளுக்கு வெளிச்சம் என்று சொல்ல வேண்டும். சாதத்தைச் சூட்டோடு அடைத்தால் ஆவி மூடியில் முட்டித் தண்ணீராக இறங்கிச் சொதசொதவென்று ஆகிவிடும் என்று, தட்டில் பரப்பி ஆறவிட்டுத்தான் அடைப்பாள். தயிர் சாதத்துக்குத் தயிரை அள்ளி ஊற்றமாட்டாள். சாதத்தைக் குழைத்து, காய்ச்சி ஆறின பாலை நிறைய விட்டு, ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்து அனுப்பினால் சாப்பிடுகிற வேளைக்கு அதுவே உறைந்து பதமாக இருக்கும். தோசை தோலாகிவிடும்; சாம்பார் சாதம் கட்டியாகிவிடும்; தேங்காய்ச் சட்டினி வெயில் நாளில் ஊசிப் போகும். இட்டிலிக்கு மட்டும் அந்தத் தோஷம் கிடையாது. மிளகாய்ப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவிவிட்டால் சாயந்திரம் வரையில் மெத்தென்று இருக்கும்.

முருங்கைக் கீரை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பேரன், அதே கீரையை அடை மாவில் உருவிப் போட்டால் கேள்வி கேட்காமல் தின்கிறான். கூடவே எலுமிச்சை பிழிந்த சுண்டல் கொஞ்சம். கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு பிடித்துக்கொள்ள எலுமிச்சையில் உள்ள வைட்டமின் 'சி' உதவுகிறது என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். நம் வீட்டுப் பாட்டிமார்கள் காரணம் தெரியாமலே பிழிந்தார்கள்.

சமீபத்தில் மருமகளுக்கு இன்னோர் ஆசை பிடித்தது. சோற்றில் முகம் செய்வது! காரட் மூக்கு, மிளகுக் கண், குடைமிளகாய் வாய். ஜப்பானில் தாய்மார்கள் இப்படிச் செய்கிறார்களாம். (அங்கே 1954-இலேயே பள்ளி உணவுக்குச் சட்டம் செய்துவிட்டார்கள். பெரும்பாலான ஆரம்பப் பள்ளிகளில் பள்ளிக்கூடமே சாப்பாடு போட்டுவிடுகிறது. ஆகையால் இந்தச் சித்திர வேலை முக்கியமாகக் கிண்டர்கார்ட்டன் தாய்மார்களுடையது. அவர்களுக்கும் சில வருஷங்களில் விடுதலை உண்டு.)

டப்பா தினமும் துடைத்தாற்போல் காலியாக வந்தது. மருமகள் முகத்தில் பெருமை தாளவில்லை. ஒரு சனிக்கிழமை பேரனிடம், "முகம் எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அதைப் பாக்க வந்துடறா தாத்தா. பாத்து முடிக்கறதுக்குள்ளே மணி அடிச்சுடறது."

"பின்னே டப்பா எப்படிக் காலியாறது?"

பையன் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டான். பக்கத்தில் உட்காருகிற சிநேகிதன் சாப்பிடுகிறான். அவனுடைய அம்மா விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுகிறாளாம். அவன் டப்பாவில் எப்போதும் பிஸ்கோத்துதான். "அவனுக்கு அடை பிடிக்கும். எனக்குப் பிஸ்கோத்து பிடிக்கும். சரியாப் போச்சு" என்றான், கணக்குப் பார்க்கிற செட்டியாரைப் போல.

அடுக்களையிலிருந்து இதைக் கேட்ட மருமகளுக்கு வந்த கோபம் நியாயமான கோபம்தான். "அஞ்சு மணிக்கு எழுந்திருந்து இடுப்பொடியச் செய்யறது ஊரார் பிள்ளைக்கா? நாளையிலேருந்து யாருக்கும் குடுக்கப்படாதுன்னு நீங்களே அவனுக்குச் சொல்லுங்கோ மாமா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அந்தப் பையன்மேல் அவளுக்கு விரோதமில்லை. தன் குழந்தை இத்தனை நாளாக வெறும் பிஸ்கோத்தைத் தின்றுவிட்டு மூன்று மணி வரையில் பாடம் கேட்டிருக்கிறதே என்கிற ஆற்றாமை.

நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் சரி.

இந்த ஊரில் 1920-இல், தியாகராய செட்டியார் தலைவராக இருந்தபோது, சென்னைக் கார்ப்பரேஷன் ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்குச் சாப்பாடு போட ஆரம்பித்தது. 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு வந்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு, 2022-இல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. பசிக்காகச் செய்த ஏற்பாடுகள்தாம். ஆனால் அதில் வேறொரு நன்மையும் இருக்கிறது. ஒரே அண்டாவிலிருந்து வருகிற சோற்றை வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்போது, பக்கத்துத் தட்டைப் பார்த்து யாரும் கூச வேண்டியதில்லை. சம்பளம் கட்டிப் படிக்கிற பள்ளிக்கூடங்களில்தான், வீட்டுக்கு வீடு உள்ள வித்தியாசம் முழுவதும் மத்தியானம் டப்பா டப்பாவாகத் திறந்துகொள்கிறது. நான் படித்த காலத்தில் பக்கத்துப் பையன் ஒருவன் கேழ்வரகு ரொட்டியை மூடிக்குப் பின்னால் மறைத்து மறைத்துத் தின்பான். அந்தக் கேழ்வரகு இன்றைக்கு 'ராகி' என்று பெயர் மாற்றிக்கொண்டு பெரிய கடைகளில் நல்ல விலைக்குப் போகிறது. அவன் இதைப் பார்த்தால் சிரிப்பானோ என்னவோ.

என் பேரன் தன் சிநேகிதனைப் பிச்சை வாங்க வைக்கவில்லை. பண்டமாற்று அல்லவா செய்திருக்கிறான்! அவன் பிஸ்கோத்தை வாங்கிக்கொண்டதனால்தான் இவனுடைய அடையைச் சிநேகிதன் தலை நிமிர்ந்து தின்ன முடிந்தது. எட்டு வயசுக்கு இது தெரிந்து செய்ததா, பிஸ்கோத்து ஆசையா என்று நான் ஆராயவில்லை.

திங்கட்கிழமை காலையில் அடுக்களையில் சத்தம் இல்லை. மருமகள் பரணிலிருந்து இரண்டடுக்கு டப்பா ஒன்றை இறக்கிக் கழுவியிருந்தாள். அடையைக் கையால் எடுத்துத் தின்கிற மாதிரி சின்னச் சின்னத் துண்டமாக நறுக்கி இரண்டு தட்டிலும் அடுக்கினாள். முகம் கிடையாது. மூலையில் கடலை உருண்டை, ஒன்றுக்குப் பதில் இரண்டு.

"ஸ்பூன் வேண்டாம்மா, நேரமாறது" என்றான் பையன்.

"சரி, வைக்கல்லே" என்று மூடியை அழுத்தினாள். அவன் வாசற்படி இறங்கின பிறகு என்ன நினைத்துக்கொண்டாளோ, பின்னாலேயே போய்க் குரல் கொடுத்தாள்.

"டேய், அந்தப் பிள்ளைக்குக் காரம் ஆகுமான்னு கேட்டுண்டு வா!"