நரசாபுரம்: விரலில் நூல் ஓடும் ஊர்

ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில், பீமவரத்திலிருந்து பிரியும் ரயில் பாதை வந்து முடியும் இடம் நரசாபுரம். அதற்கு அப்பால் வசிஷ்ட கோதாவரி ஆறு. படகில் அக்கரை சகிநேட்டிபள்ளிக்குப் போய், அங்கிருந்து அந்தர்வேதி லட்சுமி நரசிம்மரைத் தரிசிக்கப் போகிறவர்கள் நிறைய பேர். ஊருக்குள் நின்று பார்ப்பவர்கள் குறைவு. பார்க்க வேண்டிய கைவேலை ஒன்று இங்கே இருக்கிறது: குரோஷா லேஸ்.

19-ம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த மிஷனரிகள் இந்தப் பகுதிப் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்கள். முதலில் கற்றவர்கள் மதம் மாறிய ஏழைப் பெண்கள். பிறகு, பெண்கள் வெளி வேலைக்குப் போகும் வழக்கமில்லாத வீடுகளுக்கும் ஊசி நுழைந்தது. வாசலைத் தாண்டாமலே நாலு காசு பார்க்கலாம் என்பதுதான் காரணம். சுற்றியுள்ள கிராமங்களிலும் தாயிடமிருந்து மகளுக்கு, அத்தையிடமிருந்து மருமகளுக்கு என்று வேலை பரவியது.

தேவையான கருவி ஒன்றே ஒன்றுதான். நுனியில் சின்னக் கொக்கி உள்ள ஊசி. பார்க்க எளிது; ஆனால் புதிதாகப் பிடிப்பவருக்கு ஊசியைவிட நூல்தான் சிரமம் கொடுக்கும். வலது கையில் ஊசியைப் பென்சில் பிடிப்பது போலவும் பிடிக்கலாம், காய் நறுக்கும் கத்தியைப் போல மேலிருந்தும் பிடிக்கலாம். எது வசதியோ அதுவே சரி. பாடம் முழுக்க இடது கையில்தான் இருக்கிறது. நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்று சுற்றி, நடு இரண்டு விரல்களுக்கு அடியில் விட்டு, ஆள்காட்டி விரலின் மேல் கொண்டுவர வேண்டும். கட்டை விரலும் நடுவிரலும் பின்னிய பகுதியைப் பிடித்துக்கொள்ளும். சுண்டுவிரல் இறுக்கினால் நூல் நிற்கும், தளர்த்தினால் ஓடும்.

முதலில் ஒரு சுருக்கு முடிச்சு. அதில் ஊசியை விட்டு, நூலைக் கொக்கியில் மாட்டி, வளையத்துக்குள் இழுத்தால் ஒரு சங்கிலிக் கண்ணி. கற்கும்போது எல்லோரும் பயத்தில் இறுக்கி விடுவார்கள். அடுத்த வரிசையில் கொக்கி உள்ளேயே போகாது. அவிழ்த்துவிட்டு மறுபடி போட வேண்டியதுதான். அதற்காகத்தான் வெளிர் நிறத் தடித்த நூலும் 4 மி.மீ. ஊசியும் கொண்டு தொடங்கச் சொல்வார்கள். கண்ணிகள் தெளிவாகத் தெரியும். இடது கைப் பழக்கம் உள்ளவர் சொல்லித் தருபவருக்கு எதிரில் உட்கார்ந்தால், கண்ணாடியில் பார்ப்பது போல அப்படியே பின்பற்றலாம்.

லேஸுக்கு இந்தத் தடித்த நூல் உதவாது. மெல்லிய பருத்தி நூல், ஒடிசலான எஃகு ஊசி. ஒரு மேஜை விரிப்பை ஒரே பெண் பின்னுவதும் வழக்கமில்லை. ஒரு வீட்டில் பூக்கள் மட்டும் பின்னுவார்கள். அவற்றை இணைப்பது வேறொரு வீட்டில். ஏஜெண்ட் நூலைக் கொடுத்துவிட்டு, முடிந்ததை வாங்கிப் போவார். தன் பூ எந்த நாட்டு மேஜையில் விரிகிறது என்பது பின்னியவளுக்குத் தெரியாது.

ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1970-களின் கடைசியில் இங்கே வந்து ஆய்வு செய்தார். 1982-ல் அது புத்தகமாக வந்தது. சமையல், பிள்ளைகள், மாடு என்று எல்லாம் பார்த்த பிறகு, தினம் ஆறு முதல் எட்டு மணி நேரம் இந்தப் பெண்கள் பின்னினார்கள். கிடைத்த கூலி நாளுக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவு. ஆனாலும் 'வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வது' என்றே அதற்குப் பெயர். லேஸ் கடல் கடந்து போய் அந்நியச் செலாவணி கொண்டுவந்தது. பின்னியவர்களோ கணக்கில் 'இல்லத்தரசிகள்'. வேலை வீட்டுக்குள் நடந்ததால் அது வேலையாகவே தெரியவில்லை என்பதுதான் மீஸ் சொன்ன சேதி.

2024-ல் நரசாபுரம் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்திருக்கிறது. ஆனால் கடையில் மலிவான மெஷின் லேஸும் பக்கத்திலேயே தொங்குகிறது. எதை எடுப்பது, என்ன விலை கொடுப்பது என்பது வாங்குகிறவர் கையில்.

நரசாபுரம் போகிறவர்கள் லேஸ் வாங்கும் முன் ஒன்று செய்யலாம். வீட்டிலேயே ஓர் ஊசியும் நூலும் வாங்கி, உள்ளங்கை அளவுக்கு ஒரே ஒரு பூ பின்னிப் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆகிறது, எத்தனை முறை அவிழ்க்க வேண்டியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஒரு விரிப்பை எடுத்துப் பூக்களை எண்ணினால், பேரம் பேச மனசு வராது.