பழைய கோயில் இணையத்தளங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா?

கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையா படிச்சுட்டு, கடைசியில கேட்டிருக்கிற உதவியைச் செய்யுங்க.

சுற்றுவட்டாரக் கோயில்களோட இணையத்தள முகவரிகளை நம்ம இளைஞர் பிரிவு ஒரு பட்டியலா வச்சிருக்கிறது உங்களில் பலருக்குத் தெரியும். 2008-ல் ஆரம்பிச்சது, இப்போ 62 தளங்கள். புதுசு புதுசா சேர்த்துக்கிட்டே வந்தோமே தவிர, சேர்த்ததை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலை. அது எங்க தப்புதான்.

போன ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போன் வந்தது. ஜொகூர் பாருவிலிருந்து ஒரு குடும்பம். எண்பது வயசைத் தாண்டின பாட்டி, தான் பால்மரம் வெட்டின தோட்டத்து மாரியம்மனுக்கு மாவிளக்கு போடணும்னு ஆசைப்பட்டிருக்காங்க. பேரன் நம்ம பட்டியலைப் பார்த்து, அந்தக் கோயில் தளத்துல இருந்த வழியை நம்பி நாலு மணி நேரத்துக்கு மேல கார் ஓட்டி வந்திருக்கார். வந்து பார்த்தா கோயில் இல்லை, வரிசையா வீடுகள்! தோட்டம் கைமாறி, கோயில் வேற இடத்துக்குப் போய்ப் பல வருஷம் ஆச்சு. தளத்துல 2007-க்கு அப்புறம் ஒரு எழுத்துகூட மாறலை.

நாங்க வழி சொல்லி அவங்க புதுக் கோயிலுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள நடை சாத்திட்டாங்க. பாட்டி வாசல்ல நின்னு கும்பிட்டுட்டுத் திரும்பிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரியே உட்கார்ந்து 62 தளங்களையும் திறந்து பார்த்தோம். 19 திறக்கவே இல்லை. 16 திறந்தது, ஆனா பல வருஷமா யாரும் தொடலை. 4 தளங்களைப் பார்த்ததும் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகவரி கோயில் பேர்ல, உள்ளே சூதாட்டம்! ஆண்டுக் கட்டணம் கட்டாம விட்டா முகவரி காலாவதியாகிடும், அதை வேற யாரும் வாங்கிக்கலாம். "எல்லாத்தையும் தூக்கிடலாம் அண்ணே"ன்னு தம்பிங்க சொன்னாங்க. எங்களுக்கும் அதுதான் சரின்னு பட்டது.

மறுநாள் மன்னிப்பு கேட்கப் பாட்டிக்குப் போன் போட்டோம். "அந்தத் தளத்தைப் பட்டியல்லேருந்து எடுத்துட்டோம் பாட்டி, இனிமே யாரும் அலைய மாட்டாங்க"ன்னு சொன்னோம். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"எடுக்காதீங்கய்யா. எங்க வீட்டுக்காரர் கரகம் தூக்கிட்டு நிக்கிற படம் அதுலதான் இருக்கு. லயத்துல வச்சிருந்த படமெல்லாம் வெள்ளத்துல போயிடுச்சு."

மறுபடி திறந்து நிதானமா பார்த்தோம். பழைய கோயில், தீமிதிக் குழி, உபயகாரங்க பேர் வரிசை. அந்தத் தோட்டத்து சனங்களை இன்னைக்கு வேற எங்க தேடுறது? அலைய வச்சதும் அதே பக்கம்தான், ஒரு தோட்டத்து நினைவைத் தாங்கி நிக்கிறதும் அதே பக்கம்தான்.

இது நமக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. டிமோஸ்னு ஒரு பெரிய இணையத்தளப் பட்டியல் 1998-ல் ஆரம்பிச்சது. நம்மளை மாதிரி சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான் அதை நடத்தினாங்க. திறக்காத தளங்களைக் கண்டுபிடிக்க ரோபோசில்லான்னு ஒரு நிரல் வச்சிருந்தாங்க. அது குறி போட்டுக் காட்டும், எடுக்கிறதா வேணாமான்னு மனுஷங்கதான் முடிவு பண்ணுவாங்க. அப்படியும் பழசாகிப்போன பதிவுகள் தேங்கிக் கிடக்குதுங்கிற குறை அது மேல இருந்துச்சு. 2017 மார்ச் 17-ல் மூடிட்டாங்க. இன்னொரு பக்கம், 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டப்போ சாதாரண மக்கள் ஆசையா கட்டி வச்ச பக்கங்கள் ஏராளமா அழிஞ்சது. தன்னார்வலர்கள் ராப்பகலா படியெடுத்து ஒரு பகுதியைக் காப்பாத்தினாங்க.

அதனால விட்டு வைக்கிறதும் தப்பு, கண்ணை மூடிக்கிட்டு அழிக்கிறதும் தப்பு. திருப்பணின்னா நாம என்ன செய்யுறோம்? பாலாலயம் பண்ணாம கருவறையில கை வைக்கிறதில்லையே! அதே முறையை இங்கேயும் வச்சுக்கிட்டோம்.

1. சூதாட்டமா மாறின முகவரிகளை உடனே எடுத்தாச்சு. அதுல யோசனையே இல்லை.

2. திறக்காத தளங்களோட கோயில்களுக்குப் போன் போட்டுக் கேட்கிறோம். கோயில் இருந்தா புது முகவரியும் தொலைபேசி எண்ணும் போடுறோம்.

3. திறக்கும், ஆனா பழசுன்னா, முதல்ல ஒரு படி எடுத்து வைக்கிறோம். இன்டர்நெட் ஆர்கைவ் நடத்துற வேபேக் மெஷின்ல முகவரியைக் கொடுத்தா இலவசமாவே படி எடுத்துக்கும். அப்புறம் "பழைய நினைவுகள்"ங்கிற தனிப் பகுதிக்கு மாத்திடுறோம். மேலே பெரிய எழுத்துல: "இங்கே உள்ள இடமும் நேரமும் இப்போ பொருந்தாது."

4. எல்லாப் பதிவுக்கும் பக்கத்துல நாங்க கடைசியா சரிபார்த்த தேதி இருக்கும். வருஷம் ஒரு தடவை, சித்திரைக்கு முன்னாடி, மறுபடி பார்ப்போம். கோயிலைக் கூட்டிக் கழுவுற மாதிரி இதுவும் தொண்டுதான்.

இப்போ உங்ககிட்ட கேட்கிறது இதுதான். உங்க தோட்டத்துக் கோயிலுக்கோ கம்பத்துக் கோயிலுக்கோ பழைய தளம் இருந்தா, அதை நடத்தினவர் யாருன்னு தெரிஞ்சா, எங்களுக்குச் சொல்லுங்க. கட்டணம் கட்ட முடியாம விட்டிருந்தா வெட்கப்பட ஒண்ணுமில்லை, சேர்ந்து பார்த்துக்கலாம். தூரத்துல இருந்து கோயிலுக்குக் கிளம்புறவங்க, எந்தத் தளத்தைப் பார்த்தாலும் ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுக் கிளம்புங்க.

இந்த ஆடிக்குப் பாட்டி மறுபடி வர்றாங்க. இந்தத் தடவை பூசாரி ஐயாகிட்ட நாங்களே பேசி வச்சிருக்கோம். பாட்டி வந்து சேர்ற வரைக்கும் நடை திறந்திருக்கும்.

அம்மன் துணை.