இசைத்தட்டின் இரண்டாம் பக்கம்

கல்லூரி நினைவுகள் குறித்து ஒரு கட்டுரை வரைந்தனுப்புமாறு மலர்க் குழுவினர் பழைய மாணவனாகிய என்னைக் கேட்டிருந்தனர். விடுதிச் சாப்பாட்டையும் துடுப்பாட்டப் போட்டிகளையும் பற்றி என்னிலும் வல்லார் எழுதியிருப்பர். ஆதலின், நம் பிரார்த்தனை மண்டபத்திலே தொடங்கி அமெரிக்காவின் மேற்குக் கரையிலே சென்று முடியும் ஒரு விடயத்தை எழுதத் துணிந்தேன். அது 2012 ஆம் ஆண்டிலே வெளிவந்த ஓர் ஆங்கில இசைத்தட்டைப் பற்றியது. இந்துக் கல்லூரி மலரிலே இதற்கு யாது இடம் என வினவும் அன்பர் சற்றுப் பொறுத்தருள்க.

வெள்ளிக்கிழமைகளிலே மண்டபத்தில் நாம் தேவாரம் ஓதிய முறை நினைவிருக்கும். முந்நூறு பிள்ளைகள் பாடினும் பாட்டு ஒன்றே, சுருதி ஒன்றே. ஒருவன் பிசகினால் ஆசிரியரின் பார்வை அவன்மேல் விழும். என் தமையனார் எனக்கு நான்கு வகுப்பு முந்தியவர். மேடைக்கருகே நின்று முதலடி எடுத்துக் கொடுப்பவர் அவரே. படிப்பு முடித்து எழுதுவினைஞராய்க் கொழும்பு சென்றவர், முதற் சம்பளங்களைச் சேர்த்து இசைத்தட்டுப் பெட்டி ஒன்று வாங்கினார். 1966 இல் விடுமுறைக்கு வெள்ளவத்தை சென்றபோது, 'பீச் போய்ஸ்' என்னும் குழுவினர் பாடிய 'ஹெல்ப் மீ, றொண்டா' என்ற சிறிய தட்டைப் போட்டுக் காட்டினார். எனக்கு நகைப்பே உண்டாயிற்று. ஆளுக்கொரு சுரத்திலே பாடுகிறார்களே, பிழை விட்டுவிட்டார்களா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "தம்பி, முதலில் ஒருவன் குரலை மாத்திரம் பிடித்துக்கொண்டு போ. அடுத்த முறை மற்றவனைப் பிடி. எல்லாரையும் பிடித்த பிறகு சொல்" என்றார். அன்றிரவு பதினைந்து தடவையேனும் அத்தட்டு சுழன்றிருக்கும். முன்னின்று பாடியவர் அல் ஜார்டீன் என்பவர். அது பதிவாகியபோது அவருக்கு வயது 22.

அக்குழுவின் வரலாறும் ஒரு வீட்டு வரலாறே. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடுத்த ஹாதோர்ண் என்னும் ஊரிலே பிறையன், டெனிஸ், கார்ல் என வில்சன் குடும்பத்துச் சகோதரர் மூவர். மூத்தவரான பிறையன், படுக்கையறையிலே தம்பியர் இருவருக்கும் குரல் பிரித்துப் பாடக் கற்பித்தார். உறவு முறையிலே மச்சானாகிய மைக் லவ்வும், பள்ளித் தோழராகிய அல் ஜார்டீனும் சேர, 1961 இல் முதற்றட்டு வெளிவந்தது. பலகைமேல் நின்று அலையிலே சறுக்கும் விளையாட்டைப் பாடிப் புகழ்பெற்ற இவர்களுள் உண்மையிலே அவ்விளையாட்டில் ஈடுபட்டவர் டெனிஸ் ஒருவர் மாத்திரமே. அவரையே கடல் கொண்டது. 1983 மார்கழியில் நீரில் மூழ்கி 39 வயதில் இறந்தார். கார்ல் புற்றுநோயினால் 1998 இல் 51 வயதில் மறைந்தார். இவற்றுக்கிடையே மைக் லவ், 35 பாட்டுக்களுக்குத் தம் பெயரும் ஆக்கியோனாக இடப்பட வேண்டுமென்று பிறையன்மேல் வழக்காடி, 1994 இல் சாதகமான தீர்ப்பும் பெற்றார்.

இத்தகையோர் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்காக மீண்டும் ஒருங்குகூடிப் பாடியதே நான் கூறவந்த தட்டு. 'தற்ஸ் வை கோட் மேட் த றேடியோ' என்பது அதன் பெயர். பிறையன், மைக் லவ், அல் ஜார்டீன் ஆகியோருடன், 1965 இல் சேர்ந்த புறூஸ் ஜோன்ஸ்ரனும், தொடக்க காலத்தில் சிறுவனாயிருந்து விலகிய டேவிட் மார்க்சும் அதிலே உளர். 2012 ஆனி 5 ஆந் திகதி வெளியாயிற்று. பதினைந்து நாளில் பிறையனுக்கு எழுபது வயது நிறைந்தது. அமெரிக்க விற்பனை வரிசையில் மூன்றாம் இடம் வரை சென்றது.

நிற்க. என் தமையனாருக்கும் எனக்கும் பங்குக் கிணறு ஒன்றின் பொருட்டுப் பிணக்கு ஏற்பட்டது. விபரம் வேண்டாம், யாழ்ப்பாணத்தார்க்கு அது சொல்லாமலே விளங்கும். வழக்கு மன்றம் வரை செல்லவில்லை. பேச்சு மாத்திரம் நின்றது. பதினாறு ஆண்டுகள் நின்றது. 2010 இல் அவர் காலமானார். மறு ஆண்டு மச்சாள், அவருடைய பெட்டியை எனக்கே சேர்ப்பிக்கும்படி ஆளிடம் கொடுத்தனுப்பினார். அதனுள்ளே பழந்துணியிற் சுற்றியபடி அந்தச் சிறிய தட்டும் இருந்தது. இலண்டனிலிருந்து வந்த என் மகள் அதனைக் கண்டு, அடுத்த வரவிலே இப்புதிய தட்டை வாங்கி வந்தாள். வானொலி திருத்தும் ஒருவர் இக்காலத் தட்டுக்கேற்ற ஊசித்தலை பொருத்தித் தந்தார். ஒலிபெருக்கி பழையபடி ஒன்றே. அதிலும் ஒரு பொருத்தம் கண்டேன். பிறையனுக்கு இளமை முதலே வலச்செவி பெரும்பாலும் கேளாது. தாம் அமைத்த இசையை அவர் இருபுறமும் பிரித்துக் கேட்டறியார். அவர் கேட்டவாறே நானும் ஒருபுறமாய்க் கேட்கிறேன்.

தட்டின் முதலிலே சொல்லில்லாத ஓர் ஆலாபனை, பியானோவும் குரல்களுமே. தமையனார் கற்பித்தவாறு ஒவ்வொரு குரலாய்ப் பிடித்துச் சென்றேன். கார்ல் நின்றிருக்க வேண்டிய இடத்திலே வேறெவரோ நிற்பதுபோலத் தோன்றிற்று. முன்னாளிலே பிறையன் தொட்ட உச்சத்தை இங்கே பெரும்பாலும் தொடுபவர் ஜெவ்றி பொஸ்கெற் என்னும் துணைப்பாடகர். நடுவிலுள்ள பாட்டுகளிற் சில, கடற்கரையும் கோடையும் என்று பழைய சரக்கையே விற்கின்றன. குரல்களை இயந்திரத்தினால் மெருகிட்டதும் மிகை. முதுமையின் சொரசொரப்பை ஏன் மறைத்தனர் என எனக்குச் சினமே வந்ததுண்டு.

ஆனால், இரண்டாம் பக்கத்தின் இறுதி மூன்று பாட்டுக்கள் வேறு. அவற்றுள் முதலாவதனை அல் ஜார்டீன் தொடங்குகிறார். அறுபத்தொன்பது வயதுக் குரல். எனினும், வெள்ளவத்தையிலே கேட்ட அதே குரலென்று முதலடியிலேயே அறிந்தேன். மற்ற இரண்டையும் பிறையன் தாழ்ந்த குரலிலே பாடுகிறார். கோடை கழிந்தது என்பதே ஈற்றுப் பாட்டின் பொருள். அதற்குமேல் அதில் வாதமில்லை.

இசைத்தட்டின் இயல்பும் இவற்றுக்கு உடன்படுகிறது. தட்டு நிமிடத்திற்கு 33⅓ முறை, மாறாத வேகத்திலே சுழல்வது. வெளி விளிம்பிலே ஊசியின்கீழ் வினாடிக்கு ஏறக்குறைய 50 சென்றிமீற்றர் தவாளிப்பு ஓடும். நடுவை அணுகும்போது 20 அளவே ஓடும். குறுகிய வழியிலே அதே இசையை நெருக்கி எழுத வேண்டியிருப்பதால், உரத்த ஓசையும் கூரிய ஓசையும் அங்கே கலங்கிப்போகும். மெல்லிய பாட்டே அவ்விடத்தைத் தாங்கும். இம்மூன்றும் அங்கேயே உள்ளன.

அக்கோடையிலே ஐவரும் நாடு நாடாய்ச் சென்று பாடினர். புரட்டாதி இறுதியில் இலண்டனிலே அப்பயணம் முடிந்தது. பெயரைப் பாவிக்கும் உரிமை மைக் லவ்விடம் இருந்தமையால், அவர் தம் சிறு குழுவுடன் வேறு வழி சென்றார். பிறையனும் அல் ஜார்டீனும் தொடர விரும்பியும் இடமில்லாது போயிற்று. 2025 ஆனியில் பிறையன் மறைந்தார். பத்திரிகைகள் அவர்களது பிணக்கையே மீண்டும் எழுதின. எனக்கோ, வழக்காடிய பின்பும் அம்மச்சான்மாருக்கு ஒரு கோடை கிடைத்ததே என்றிருந்தது.

பிறையன் மறைந்த செய்தி வந்த அன்று மாலை, சிறிய தட்டையும் பெரிய தட்டின் இரண்டாம் பக்கத்தையும் அடுத்தடுத்துக் கேட்டேன். முடிந்த பின்னரும் ஊசி நடுத் தவாளிப்பிலே சுற்றிக்கொண்டிருக்க, கொழும்பிலிருந்து மச்சாள் தொலைபேசியில் அழைத்தார். "பெட்டி இப்பவும் வேலை செய்கிறதோ?" என்று கேட்டார். செய்கிறது என்றேன், ஊசி மாத்திரம் தேய்ந்துவிட்டது, புதிது தேட வேண்டும் என்றேன்.