மகளாகக் கேட்டவர்

சால்ட் லேக் சிட்டியில் வழி தப்புவது கடினம். ‘500 தெற்கு, 800 கிழக்கு’ என்று முகவரி சொன்னால், ஆலயச் சதுக்கத்தின் மூலையிலிருந்து தெற்கே ஐந்து பிளாக், கிழக்கே எட்டு பிளாக் என்று பொருள். 1847 ஜூலையில் மார்மன் சபையாரின் முதல் குழு இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கிய சில நாட்களிலேயே அவர்களின் தலைவர் ப்ரிகம் யங் ஆலயத்துக்கு இடம் குறித்துவிட்டார். அங்கிருந்துதான் தெருக்களை அளந்தார்கள். இன்றும் அதே கணக்குதான். மார்மனோ இல்லையோ, இந்த ஊரில் யாருடைய முகவரியை வாங்கினாலும் ஆலயம் எவ்வளவு தொலைவு என்பது அதிலேயே இருக்கும்.

நான் போனது ஜேன் மேனிங் ஜேம்ஸ் என்ற பெண்மணிக்காக. மார்மன் முன்னோடிப் பெண் என்றால் கூண்டு வண்டியும் வெயிலுக்குக் கட்டிய துணித்தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைத்தான் ஓவியங்கள் காட்டிவந்திருக்கின்றன. ஜேன் கறுப்பினப் பெண். அறுபது ஆண்டுகள் இந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர்.

மெயின் தெரு ஆலயச் சதுக்கத்தைத் தொடும் இடத்தில் ப்ரிகம் யங்கின் சிலை நிற்கிறது. அதிலுள்ள வெண்கலத் தகட்டில் முதல் குழுவினரின் பெயர்களை வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். பெண்கள் மூன்றே பேர். பட்டியலின் அடியில் ‘கறுப்பின வேலைக்காரர்கள்’ என்று தனித் தலைப்பு, அதன் கீழே மூன்று ஆண்களின் பெயர்கள். கிரீன் ஃபிளேக் முதலான அந்த மூவரும் அடிமைகளாக இங்கே கொண்டுவரப்பட்டவர்கள். அதை வேலை என்று எழுதி வைத்திருப்பதை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. ஜேன் அந்த ஆண்டு செப்டம்பரில், பின்னால் வந்த குழுவோடு வந்தார். தகட்டில் அவர் இல்லை.

அவர் அடிமையும் இல்லை. கனெக்டிகட்டின் வில்டன் என்ற ஊரில் சுதந்திரமாகப் பிறந்தவர். வசதியான வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்றில் வேலை செய்து வளர்ந்தவர். இருபது வயதையொட்டி மார்மன் சபையில் ஞானஸ்நானம் பெற்றார். 1843-இல் அம்மா, அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, தன் சிறு மகன் சில்வெஸ்டர் என்று வீட்டாரோடு, சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் இருந்த இல்லினாய் மாநிலத்து நாவூவுக்குக் கிளம்பினார். பஃபலோ வரை படகில் வந்தார்கள். அதற்குமேல் அவர்களை ஏற்றிக்கொள்ள மறுத்துவிட்டார்கள். உடன் வந்த வெள்ளையர்கள் படகில் போய்விட்டார்கள். மேனிங் குடும்பம் நடந்தது, 800 மைலுக்கு மேல்.

பல ஆண்டுகள் கழித்து, 1893-இல், ஜேன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட வாழ்க்கைக் குறிப்பு ஒன்று இந்த ஊர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதில் இந்த நடைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. காலணி தேய்ந்து, பாதம் வெடித்து, நடந்த தடமெல்லாம் ரத்தம். எல்லோரும் நின்று ஜெபித்தார்கள், பாதங்கள் ஆறின என்கிறார். கழுத்தளவு தண்ணீரில் ஆற்றைக் கடந்திருக்கிறார்கள். உறைபனி விழுந்த வெட்டவெளியில் தூங்கியிருக்கிறார்கள். பியோரியாவில் அதிகாரிகள் மறித்து விடுதலைப் பத்திரம் கேட்டார்கள். இவர்கள் அடிமைகளாக இருந்ததே இல்லை. பத்திரத்துக்கு எங்கே போவது? சிறையில் போடுவோம் என்று மிரட்டி, ஒருவழியாக விட்டார்கள். இத்தனையையும் பாட்டுப் பாடிக்கொண்டே கடந்தோம் என்று அவர் சொல்கிறபோது, அந்த வயதின் தெம்பும் தெரிகிறது, நம்பிக்கையும் தெரிகிறது.

நாவூவில் ஜோசப் ஸ்மித் தன் வீட்டிலேயே அவரை வைத்துக்கொண்டார். துணி வெளுப்பது ஜேனின் வேலை. ஒருநாள் ஜோசப்பின் மனைவி எம்மா, “எங்களுக்கு மகளாகத் தத்து வருகிறாயா?” என்று கேட்டிருக்கிறார். ஜேனுக்கு அது என்னவென்று விளங்கவில்லை, வேண்டாம் என்றுவிட்டார். மார்மன்களிடையே அது வெறும் அன்பு வார்த்தை அல்ல; மறுமையிலும் ஒரே குடும்பமாக இருக்கச் செய்யும் சடங்கோடு சேர்ந்தது. 1844 ஜூனில் ஜோசப் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜேனின் மீதி வாழ்க்கை முழுவதும் எம்மா கேட்ட அந்த ஒரு கேள்வியின் பின்னாலேயே போனது.

கணவர் ஐசக் ஜேம்ஸோடும் இரண்டு பிள்ளைகளோடும் சமவெளியைக் கடந்து இங்கே வந்தார். முதல் ஆண்டுகள் பஞ்சம். ரொட்டி கேட்டு அழுத பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் நின்றதைத்தான் எல்லாத் துன்பங்களிலும் கொடியதாகச் சொல்கிறார். அப்படிப்பட்ட 1849-இல், தன் கணவர் கலிபோர்னியா போய்விட, மாவில்லாமல் தவித்த எலைசா லைமன் என்ற பெண்ணுக்கு ஜேன் இரண்டு பவுண்டு மாவு கொடுத்தார். தன்னிடம் இருந்ததில் ஏறக்குறைய பாதி. எலைசா அதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது.

ரத்தம் கசிந்த நடையும் இந்த இரண்டு பவுண்டு மாவும்தான் இன்று சபையார் ஜேனைப் பற்றி விரும்பிச் சொல்லும் கதைகள். எமிக்ரேஷன் கணவாயின் வாயில் உள்ள முன்னோடிகள் பூங்காவில், 2022-இல், அந்த மூன்று ஆண்களோடு ஜேனுக்கும் வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து நான் மகிழ்ந்தேன். ஆனால் அவரிடம் எனக்கு மிகவும் பெரிதாகத் தெரிவது நடையும் இல்லை, மாவும் இல்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தது.

1852-இல் ப்ரிகம் யங் கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் கிடையாது என்று பகிரங்கமாக அறிவித்தார். ஆலயத்தின் உயர்ந்த சடங்குகளும் கறுப்பின ஆண், பெண் இருபாலருக்கும் அடைபட்டன. இறந்த உறவினருக்காக ஞானஸ்நானம் பெறுவதை மட்டும் ஜேனுக்கு அனுமதித்தார்கள். நாற்பது ஆண்டுகள் கண்ணெதிரே கல் கல்லாக எழும்பிய ஆலயம் அது. வேறு ஊர்களின் ஆலயக் கட்டுமானத்துக்கும் தன் கைக்காசைக் கொடுத்தவர் அவர்.

1884-இல் சபைத் தலைவர் ஜான் டெய்லருக்கு ஒரு விண்ணப்பம் போனது. தன் இனத்தாலும் நிறத்தாலும் வெள்ளையரைப் போல ஆலயச் சடங்குகளை எதிர்பார்க்க முடியாது என்பதை ஜேன் முதலில் ஒப்புக்கொள்கிறார். உடனே ஆபிரகாமின் சந்ததியால் பூமியின் எல்லா மக்களும் ஆசீர்வதிக்கப்படுவார்கள் என்ற வேத வாக்கை எடுத்து, அதில் தனக்குப் பங்கில்லையா என்று கேட்கிறார். 1890-இல் சபைத் தலைமையில் இருந்த ஜோசப் எஃப். ஸ்மித்துக்குப் போன கடிதம் இன்னும் கெட்டி. எம்மா அன்று கேட்டபடி ஜோசப்பின் குடும்பத்தில் மகளாகச் சேர்க்கச் சொல்கிறார். அதோடு, முன்பு குருத்துவம் பெற்றிருந்த கறுப்பினத்தவரான வாக்கர் லூயிஸின் மனைவியாகத் தன்னை இணைக்க முடியுமா என்றும் கேட்கிறார். சட்டம் தெரிந்தவர் வழக்குக்கு இரண்டு வழி தேடுவது போன்ற கூர்மை அது.

1894 மே மாதத்தில் சபை ஒரு வழி கண்டுபிடித்தது. ஜேனை ஜோசப் ஸ்மித்தோடு மறுமைக்கும் இணைத்தார்கள், ஊழியக்காரியாக. அதற்கென்றே ஒரு சடங்கை உருவாக்கினார்கள். அவருடைய சடங்குக்கே அவரை ஆலயத்துக்குள் விடவில்லை. ஜைனா யங் என்ற வெள்ளைக்காரப் பெண் அவர் இடத்தில் நின்றார். மகளாகக் கேட்டவருக்கு நித்தியத்துக்கும் வேலைக்காரி என்ற இடம். இதைச் செய்தவர்கள் ஜேனை நேசிக்காதவர்கள் அல்லர். அதுதான் எனக்கு இன்னும் கசக்கிறது. ஜேன் இதோடு அடங்கவில்லை, மறுபடியும் கேட்டார்.

1908 ஏப்ரலில் இறந்தார். அப்போது சபைத் தலைவராகிவிட்ட அதே ஜோசப் எஃப். ஸ்மித் அடக்க ஆராதனையில் பேசினார். மேட்டுச் சரிவில் இருக்கும் நகரக் கல்லறையில் மான்கள் புல் மேய்கின்றன. அங்கே ஜேனின் கல்லும், 1999-இல் எழுப்பிய நினைவுச் சின்னமும் இருக்கின்றன. நான் கீழே பார்த்தபோது, 2019 இறுதியில் சீரமைப்புக்காக மூடிய ஆலயத்தைச் சுற்றிச் சாரமும் கிரேன்களும் நின்றன.

1978 ஜூனில் கறுப்பினத்தவர் மீதான அந்தத் தடை நீங்கியது. மறு ஆண்டு ஜேனுக்காக ஆலயச் சடங்கு நடந்தது, வழக்கப்படி இன்னொருவர் அவர் பெயரில் உள்ளே போக. நிறையப் பேர் இதைக் கதையின் நல்ல முடிவாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் உயிரோடிருந்தபோது கேட்டார், பதில் வேண்டும் என்று கேட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாவுக் கதையைச் சொல்லும்போது அந்தக் கடிதங்களையும் வாசித்துக் காட்ட வேண்டும். கேட்டது அவர், மறுத்தது யார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.