வெள்ளிச் சைக்கிளும் அடுப்புச் சாம்பலும்

தேயிலை, கேரட், காட்டெருமை என்று எழுதிக்கிட்டிருந்தவன் இன்னைக்கு சைக்கிள் பத்தி எழுதறேன்.

கீழ் கோத்தகிரியில் சைக்கிள் வைத்திருப்பவர்கள் குறைவு. ஏறினா மூச்சு வாங்கும், இறங்கினா பிரேக் தேயும். என் மகன் கோயம்புத்தூரில் படிக்கும்போது பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கினான். பெயிண்டை எல்லாம் எடுத்துவிட்டு, வெறும் அலுமினியத்தை வெள்ளி மாதிரி தேய்த்து வைத்திருந்தான். வேலைக்குப் பெங்களூர் போறப்ப, "அப்பா, பாத்துக்கோங்க" என்று விட்டுட்டுப் போனான்.

நான் அதை மருந்து ஷெட்டில் மாட்டி வைத்தேன். தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்கிற காப்பர் ஆக்ஸிகுளோரைடும் ஸ்பிரேயரும் அங்கேதான் இருக்கும். ரெண்டு மழைக்காலம் போச்சு. போன மார்கழியில் போன் பண்ணினான். "பொங்கலுக்கு வர்றேன்ப்பா. இந்தத் தடவை மேட்டுப்பாளையம் வரைக்கும் சைக்கிள்லயே இறங்கப் போறேன்."

இறக்கிப் பார்த்தால், சைக்கிள் முழுக்க வெள்ளை மாவு பூத்திருக்கு. துடைத்தால் அடியில் பொடிப்பொடியாகக் குழி. வீட்டுக்காரி, "சாம்பல் போட்டுத் தேய்ங்க, பாத்திரம் பளிச்சுனு ஆகுதுல்ல" என்றாள். ஈரச் சாம்பலை அப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து கழுவினா, இருந்ததை விட மங்கிப் போய், அங்கங்கே கறுத்திருக்கு.

கோத்தகிரியில் தெரிந்த லேத் பட்டறைக்காரர் ஒருவர் சிரித்தார். "அலுமினியம் காத்து பட்டதுமே தனக்கு ஒரு மெல்லிய தோல் போட்டுக்கும்ணா. அதனாலதான் இரும்பு மாதிரி துருப்பிடிச்சு உதிர்றதில்லை. சாம்பல்ல இருக்கிற காரம் அந்தத் தோலைத் தின்னுடும். புளியும் எலுமிச்சையும் அழுக்கை எடுக்கும், ஆனா ஊற விட்டா அதுவும் அரிக்கும். செம்பு மருந்து ஈரத்தோட பட்டா இன்னும் மோசம்."

அவர் சொன்ன முறைதான் இது. சோப்புத் தண்ணியில் கழுவி, நல்லாக் காய வைக்கணும். அப்புறம் வாட்டர் பேப்பரைத் தண்ணி தொட்டு 400, 600, 1000, 1500 என்று வரிசையாகத் தேய்க்கணும். முந்தைய பேப்பர் போட்ட கீறல் மறைந்த பிறகுதான் அடுத்தது. கடைசியில் மெட்டல் பாலிஷ், பழைய பனியன் துணி. துணி கறுப்பாக வரும், பயப்பட வேண்டாம். கறுப்பைத் துடைத்துவிட்டு கார் வேக்ஸ் பூசணும். நம்ம ஊர் மூடுபனிக்கு மாசம் ஒரு தடவை வேக்ஸ் வேணும். கிளியர் லேக்கர் அடிக்கலாம்தான், ஆனா ஒரு இடத்தில் உரிந்தால் ஈரம் அடியில் புகுந்துடும்.

ரெண்டு எச்சரிக்கை. அனோடைஸ் பண்ணின பாகங்களில் பேப்பர் போடாதீங்க, காப்பே போயிடும். பிரேக் கட்டை பிடிக்கிற ரிம் ஓரத்தில் வேக்ஸோ எண்ணெயோ படவே கூடாது. இரும்பு போல்ட்டுக்கும் சீட் குழாய்க்கும் கிரீஸ் வையுங்க. இல்லேன்னா ஈரத்தில் இரண்டும் அரித்து ஒட்டிக்கும்.

நாலு நாள் சாயங்காலம் உட்கார்ந்து தேய்த்தேன். நாலாம் நாள், பெடல் அச்சுக்கு மேலே வெல்டிங் ஓரத்தில் முடி மாதிரி ஒரு கோடு. பாலிஷ் போட்டேன், போகலை. பேப்பர் போட்டேன், போகலை. நகத்தை வைத்தேன், தட்டுச்சு.

விரிசல்.

திரும்பவும் பட்டறைக்குப் போனேன். "இரும்பா இருந்தா பெரும்பாலும் வளைஞ்சு காட்டும். இது சொல்லாம உடையும். இங்க வெல்டு வச்சாலும் சுத்தி இருக்கிற உலோகம் பலம் இழந்துடும். இதுல மலை இறங்க வேண்டாம்ணா" என்றார். மேட்டுப்பாளையம் ரோட்டு வளைவுகளை நினைச்சுப் பார்த்தேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை.

மகனிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சாம்பல் போட்டதாலயாப்பா?" என்றான். இல்லை, ரொம்ப நாள் மிதிச்ச விரிசல்னு பட்டறைக்காரர் சொன்னதைச் சொன்னேன். "அப்ப நான் வச்சிருந்தப்பவே இருந்திருக்குமோ" என்றான். எனக்குப் பதில் தெரியலை.

பொங்கலுக்கு வந்து சக்கரம், கியர் எல்லாம் கழற்றி வேறு பிரேமுக்கு எடுத்துட்டுப் போனான். பழைய பிரேம் எங்க திண்ணையில் தொங்குது. மருந்து ஷெட்டில் இல்லை.

உங்க வீட்டிலும் அலுமினிய சைக்கிள் இருந்தால், பளபளப்பு வேணுமோ வேண்டாமோ, மாசம் ஒரு நாள் வெயில் வெளிச்சத்தில் வைத்து, வெல்டிங் ஓரங்களைத் துணியால் துடைத்துப் பாருங்க.